பதினைந்து மணி நேரப் பகல்

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். வெற்றிலை, கரண்ட் பில், மாத்திரை அட்டை, என் அம்மா கொடுத்தனுப்பும் அப்பளம், எதுவானாலும். அப்பளத்தில் என்ன தெரியும் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒரு கண்ணை லேசாக இடுக்கிக்கொண்டு இரண்டு விநாடி பார்ப்பார். அப்புறம்தான் "சரிம்மா" என்று வாங்கிக்கொள்வார்.

தொழில் பழக்கம். முப்பத்து நான்கு வருஷம் திருவெறும்பூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இரண்டு குழாய்களைப் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து அனுப்புவார்களாம். இவர் அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஒட்டும் நன்றாகத்தான் இருக்கும் என்பார். "பார்க்காம ஒரு கையெழுத்து போட்டதில்லம்மா" என்றும் சொல்வார். அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார், காலையில் பல் தேய்த்தேன் என்பதுபோலச் சொல்வார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஒரு பொய்க்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு வருகிறேன்.

எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மென்டில் நாங்கள் தரைத்தளம், அவர் மூன்றாவது மாடி. அவருக்கு மேலே மொட்டை மாடி. நான் தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, லெக்சரர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் இருந்த காலம். ஒரு இடத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாது எனக்கு. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனால் காற்றாவது வரும் என்று ஒருநாள் போனேன். அங்கே இவர் ஒரு பூவுக்குள் வாட்டர் கலர் பிரஷ்ஷை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

சுக்கினி. பார்ப்பதற்கு வெள்ளரிக்காய், குணத்தில் பூசணி. ஆண் பூ தனி, பெண் பூ தனி. மூன்றாவது மாடிக்கு மேலே தேனீ வராததால் மகரந்தத்தைக் கையால்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவருடைய கஷ்டம் என்னவென்றால், பெண் பூ மலர்கிற அன்று ஆண் பூ இருக்காது. ஆண் பூ இருக்கிற அன்று பெண் பூ நேற்றே வாடியிருக்கும். நான் உடனே, யாரும் கேட்காமலே, ஆண் பூவைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள்வரை தாங்கும் என்றேன். அவர் என்னை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்காத குறை.

"நிச்சயமா தாங்குமா?"

"தாங்கும் சார்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

படித்திருக்கிறேன், பார்த்ததில்லை என்று ஒத்துக்கொண்டேன். "அப்ப ஃபிலிம் வரட்டும்" என்றார். யார் எதை அடித்துச் சொன்னாலும் அவருடைய பதில் இதுதான். மழை வரும் என்றால் ஃபிலிம் வரட்டும். அசோசியேஷன் செக்ரட்டரி லிஃப்ட் அடுத்த வாரம் சரியாகிவிடும் என்றால் ஃபிலிம் வரட்டும். பூ தாங்கியது. நான்கு நாளில் பிஞ்சு விட்டது. அதிலிருந்து நான் தினமும் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். பாடம் படித்தது குறைந்து, விதை பற்றிப் படித்தது கூடியது.

விதைகள் எல்லாம் கனடாவிலிருந்து வந்தவை. அவருடைய மனைவி அங்கேதான் இருந்தார். இதில் ஒரு வேடிக்கை. ரிட்டையர் ஆனதும் ஸ்ரீரங்கத்துக்கு வர ஆசைப்பட்டவரே அந்த அம்மாதான். இவருக்குத் திருவெறும்பூரை விட்டு வர மனசில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பெருமாளைத் தினம் சேவிக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதற்காகவே, சமையலறை ஜன்னலிலிருந்து ராஜகோபுரம் தெரிகிற ஃபிளாட்டாக இவர் தேடி வாங்கினார். குடிவந்து நாலாவது மாதம் மகளுக்குப் பிரசவம் என்று அந்த அம்மா கனடா போனார். ஆறு மாதத்துக்கு என்றுதான் போனார். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, மகள் வேலைக்குத் திரும்பினாள், இரண்டாவது குழந்தை வந்தது. நான் பார்க்கும்போது அந்த ஆறு மாதத்துக்கு மூன்று வயதாகியிருந்தது.

மாமி எப்ப வராங்க என்று படியில் யாராவது கேட்டால் "சம்மருக்கு" என்பார். எந்த சம்மர் என்று யாரும் கேட்டதில்லை. நீங்கள் ஏன் போகவில்லை என்று நான் ஒருதடவை கேட்டேன். போனாராம், ஒரு முறை, இரண்டு மாதம். "எல்லாரும் ஓடிட்டே இருக்காங்கம்மா. நான் சோபாவுல உக்காந்திருந்தேன். நான் உக்காந்திருக்கறது எல்லாருக்கும் இடைஞ்சலா இருந்துச்சு" என்றார்.

கோயிலுக்குப் போக மாட்டார். கூப்பிடு தூரத்தில் கோபுரம். மனைவி வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று வைத்திருந்தார் என நினைக்கிறேன். சமையலறை ஜன்னலை மட்டும் தினமும் துடைப்பார்.

சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள், மாடியில் ஏதாவது போடுங்கள் என்று அந்த அம்மாதான் அந்த ஊர் விதைப் பொட்டலங்களை லீவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். கேல் என்று ஒரு சுருட்டைக் கீரை, ஊதா கேரட், ஒரு உள்ளங்கையை நிறைக்கிற தக்காளி. கேரட் விரல் நீளத்துக்கு வந்து நின்றது. கேல் மட்டும் காடாக வந்தது. அதை ஆறு பைகளில் போட்டு ஆறு வீட்டுக் கதவிலும் மாட்டிவிட்டுச் சத்தம் போடாமல் போய்விடுவார். என் அம்மா பொரியல் செய்து பார்த்து, பசுமாடே இதை யோசித்துத்தான் தின்னும் என்றாள். மேல் வீட்டில் யாரோ அதைப் பூஜைத் தட்டில் வைத்திருந்தார்கள். அவர் வீட்டிலும் அதைச் சமைத்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காயையும் பறித்ததும் மனைவிக்கு போனில் காட்டுவார். காட்டின பிறகு அவருக்கு அந்தக் காயோடு வேலை முடிந்துவிடும்.

வெங்காயம் அப்படி இல்லை.

அந்தப் பொட்டலத்தை அவர் மற்றவற்றோடு வைக்கவில்லை. ஃபிரிட்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது. அட்டையில் ஒரு வெள்ளை வெங்காயம், குழந்தையின் தலை அளவுக்கு. அங்கே அதை ஆப்பிள் மாதிரி பச்சையாகக் கடித்துத் தின்கிறார்கள், காரமே கிடையாது, தித்திப்பு என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். காரமில்லாததற்கு எதற்கு வெங்காயம் என்று பேர் என்று இவர் கிண்டல் பண்ணியிருக்கிறார். அந்தப் பேச்சின் வாலில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாராம். "இது நம்ம மாடியில காய்ச்சதுன்னா சொல்லுங்க, அன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று சொல்லித்தான் இதை என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி சொன்னார், விளையாட்டுக்கு என்று. மூன்றாவது தடவையும் அவர் அதே மாதிரி சிரித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது.

ஐப்பசி மழை விட்டதும் பாதி விதையைப் போட்டார். எல்லாம் முளைத்தது. நாற்றைப் பிடுங்கி வரிசையாக நட்டார். தாள் முழங்கால் உயரம் வந்தது, கீழே ஒன்றும் இல்லை. தை முடிந்தது, மாசி முடிந்தது. அடியில் பென்சில் பருமன்தான். தினமும் காலையில் விரலால் மண்ணை லேசாக விலக்கிப் பார்த்து மூடுவார். தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்க்கிற மாதிரி.

எனக்குத்தான் வாய் நிற்காதே. தேடிப் படித்துவிட்டு நாலு படி ஒரு தாவலாக ஏறிப் போய்ச் சொன்னேன். இது நீளப் பகல் வெங்காயம் சார், ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரத்துக்கு மேலே வெளிச்சம் இருந்தால்தான் கிழங்கு கட்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றும். நம் ஊரில் எந்த மாதத்திலும் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. நீங்கள் என்ன உரம் போட்டாலும் இது தாளாகவே நிற்கும், சாகும்வரை கிழங்கு வராது.

சாகும்வரை என்ற வார்த்தையை எதற்குப் போட்டேனோ. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஃபிலிம் வரட்டும் என்று சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. சித்திரையில் விசா நீட்டிக்க வேண்டுமா, டிக்கெட் போட வேண்டுமா என்று அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்போது நான்தான் சொன்னேன். நான் நிஜமாகவே விளையாட்டுக்குச் சொன்னேன். "காந்தி மார்க்கெட்ல வெள்ளை வெங்காயம் விக்குது சார். பெருசா ஒண்ணு வாங்கி மண்ணுக்குள்ள வெச்சு, போன்ல பிடுங்கிக் காட்டிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அவ கண்டுபிடிச்சுடுவாளா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, செய்ய ஏதோ ஒரு வேலை கிடைத்த சந்தோஷம். மறுநாள் காலை இரண்டு பேரும் பஸ் ஏறி காந்தி மார்க்கெட் போனோம். ஒரு கடையில் மூட்டையைக் கொட்டி, இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைப் பொறுக்கினேன். கடைக்காரர் கையிலிருந்து அதை வாங்கியபோது அவர் பழக்கத்தில் வெளிச்சத்துக்குத் தூக்கினார். பாதியில் கையை இறக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் கைவேலையை நான் ரசித்துச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயத்தின் தலையைக் குடைந்து, நிற்கிற செடி ஒன்றின் தாளை அடியோடு வெட்டி அந்தக் குழியில் செருகி, பல் குத்தும் குச்சிகளைச் செருகி நிறுத்தி, கழுத்துவரை மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து அழுத்தினேன். நான்கு பக்கமும் நின்று பார்த்தேன். எம்.எஸ்சி. படித்த எனக்கே அது வளர்ந்த வெங்காயம்தான்.

மாலை ஆறரைக்கு அவர்களுக்கு விடிந்து காலை எட்டு. போனை நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு கையால் குழந்தைகளின் டிபனைக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் குனிந்து தாளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். வந்தது. மண் உதிர உதிர அதைத் தூக்கி போனுக்கு முன்னால் பிடித்தார்.

டிபன் கட்டுகிற கை நின்றது. அந்த அம்மா போனுக்குக் கிட்டே வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. நெட்வொர்க் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"நல்லா வந்திருக்கே" என்றார். "உள்ள எடுத்து வைங்க, வெயில்ல வாடிடும்."

ஆறரை மணிக்கு வெயிலே இல்லை. அதற்குள் அங்கே குழந்தை எதையோ கொட்டியது, அந்த அம்மா திரும்பினார், போன் அணைந்தது. டிக்கெட் என்ற பேச்சே வரவில்லை. அவர் அந்த வெங்காயத்தை உள்ளே எடுத்து வைத்தார்.

பத்து நாள் கழித்து விசா இரண்டு வருஷத்துக்கு நீட்டியாகிவிட்டது என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்து என் அம்மாவிடம் கொடுத்தார். "நீங்க சமைச்சுடுங்க, எனக்கு ஒத்துக்காது" என்றார். அம்மா பதிலுக்கு ஒரு கிண்ணத்தில் அப்பளம் கொடுத்தாள். அதை அவர் அப்படியே வாங்கிக்கொண்டு படியேறிவிட்டார். வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை.

கவனித்தது நான் மட்டும்தான். அன்று மட்டுமில்லை. கரண்ட் பில்லை வாங்கினார், பார்க்கவில்லை. விதைப் பொட்டலத்தை வாங்கினார், பார்க்கவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்தது. மாடியில் நான் எதைச் சொன்னாலும் "நீங்க சொன்னா சரிதான்ம்மா" என்றார். ஒருவர் நம்மை நம்புவது இத்தனை சங்கடமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஏதாவது ஒன்றுக்கு ஃபிலிம் வரட்டும் என்று சொல்லிவிட மாட்டாரா என்று, தப்புத் தப்பாகக்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

ஆடியில் நான் பரீட்சையில் தேறவில்லை. அழுதுமுடித்துவிட்டு, புத்தகங்களை மூட்டை கட்டுகிற நேரத்தில், பழைய கட்டுரை ஒன்றில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. செடிக்குப் பகல் நீளம்தான் தெரிய வேண்டும், அது சூரியன்தானா என்று அது கேட்காது. சாயங்காலம் சூரியன் போன பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் மங்கலாக ஒரு விளக்கு எரிந்தால் போதும், பகல் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். அதிலும் டியூப்லைட் வெளிச்சத்தைவிடப் பழைய மஞ்சள் குண்டு பல்பின் வெளிச்சம் நன்றாக வேலை செய்யும்.

படியேறிப் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை மெதுவாக, நான் இதைப் பார்த்ததில்லை, படித்ததுதான், எழுதியவர்களும் எல்லாச் செடியிலும் பார்க்கவில்லை, விதை பழசு, பாதி முளைக்காமலும் போகலாம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். கண்ணாடிக் கூட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். மீதி இருந்த கறுப்பு விதைகளை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை இரண்டு விரலில் எடுத்து, சமையலறை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். கறுப்பு விதையில் வெளிச்சம் எங்கே ஊடுருவும். ஆனாலும் பார்த்தார்.

"ஃபிலிம் வரட்டும்" என்றார்.

குண்டு பல்பு இப்போது யார் விற்கிறார்கள். பெரிய கடை வீதியில் எட்டுக் கடை ஏறி இறங்கினோம். கடைசிக் கடையில் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டே, கோழிக்குஞ்சு வளக்கிறீங்களா என்று கேட்டார்கள். இவர், இல்லைங்க, வெங்காயம் என்றார். கடைக்காரர் பல்பைக் காகிதத்தில் சுற்றுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டு, மறுபடி சுற்றினார்.

தன் வீட்டு மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்து நான்கு பல்பு கட்டினார். ஐப்பசி மழை விட்டதும் போட்ட விதையில் பாதிக்கும் குறைவாகத்தான் முளைத்தது, பதினோரு நாற்று. மார்கழியிலிருந்து தினமும் லைட். அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இருட்டின பிறகு போடக் கூடாது. சூரியன் இருக்கும்போதே, ஐந்தரை மணிக்கே போட்டுவிடுவார். சூரியனுடைய பகல் எங்கே முடிந்தது, இவருடைய பகல் எங்கே ஆரம்பித்தது என்று செடிக்குத் தெரியவே கூடாதாம். ஒன்பதுக்கு அணைப்பார். அந்த மூன்றரை மணி நேரமும் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பல்பு ஃபியூஸ் ஆனால் மாற்ற வேண்டுமே என்பார். மனைவியின் போன் அந்த நேரத்தில்தான் வரும். வராத நாட்களும் உண்டு.

தெருவில் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். பால்காரர் கீழே நின்று மாடியைப் பார்த்து, சாமிக்கு எத்தனை நாள் விளக்கு என்று என் அம்மாவிடம் கேட்டார். அசோசியேஷனில் மட்டும் முனகினார்கள். அந்த அம்மாவுக்கு அவர் லைட்டைப் பற்றிச் சொல்லவில்லை. வெங்காயம் என்ற வார்த்தையையே அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பங்குனியில் ஒருநாள் காலையில் மூச்சு வாங்கக் கீழே வந்து கதவைத் தட்டினார். ஒரு செடியின் தாள் கழுத்தில் மடிந்து சாய்ந்திருந்தது. நோய் என்று பயந்துவிட்டார். நான் அதைப் பார்த்ததும் கத்தாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். வெங்காயம் முற்றினால்தான் தாள் அப்படிச் சாயும். பதினொன்றில் அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் தாளாகவே நின்றன.

"பிடுங்குங்க சார்" என்றேன்.

"சாயங்காலம்" என்றார்.

சாயங்காலம் லைட் போட்டாகிவிட்டது. சூரியனும் இருந்தது. போன் என் கையில். அந்த அம்மா அதே ஸ்வெட்டர், அதே டிபன் டப்பாக்கள். இவர் குனிந்து பிடுங்கினார். எலுமிச்சம்பழம் அளவு. அதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் மண்ணோடு கற்றையாகத் தொங்கியது. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. காந்தி மார்க்கெட் வெங்காயத்துக்கு வேர் கிடையாது. மூட்டைக்கு வருமுன்பே அறுத்துவிடுவார்கள். தலையை அத்தனை பாடுபட்டு ஜோடித்த தாவரவியல்காரி கீழே பார்க்கவே இல்லை.

அவர் வெங்காயத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். ஒரு கண்ணை இடுக்கி இரண்டு விநாடி பார்த்தார். அப்புறம் போனுக்குக் காட்டினார்.

"போன வருஷம் காட்டினது கடை வெங்காயம்" என்றார். "நான்தான் புதைச்சு வெச்சேன். இதுதான் நம்மளுது."

என் பெயரை அவர் எடுக்கவில்லை.

"தெரியும்ங்க" என்றார் அந்த அம்மா.

"தெரியுமா?"

"வேரே இல்லையே அதுக்கு."

இவர் கையிலிருந்த வெங்காயத்தின் வேரைப் பார்த்தார். "அப்பவே கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருந்தா ஏன் பொய் சொன்னேன்னு நீங்க சொல்லணும். அப்புறம் ஏன் வரலைன்னு நான் சொல்லணும்." அந்த அம்மா ஒரு டப்பாவை மூடினார், மறுபடி திறந்தார். "அதான் விட்டுட்டேன்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அந்த அம்மா போகவில்லை. கிட்டே காட்டுங்கள் என்றார். இவர் வேரைத் தூக்கிக் காட்டினார், தாளைக் காட்டினார், திருப்பி அடியைக் காட்டினார். தொழிற்சாலையில் பற்றவைத்த இடத்தை அப்படித்தான் எல்லாப் பக்கமும் காட்டுவார்கள் போலிருக்கிறது.

"சாப்பிட்டுடாதீங்க" என்றார் அந்த அம்மா. "வெச்சிருங்க."

அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அந்த நேரத்தில் நிச்சயம் ஏதாவது அடித்துச் சொல்லியிருப்பேன்.

அவர் அதைத் தாளோடு ஒரு நூலில் கட்டி சமையலறை ஜன்னலில், கோபுரத்துக்கு நேரே தொங்கவிட்டார். லைட்டை அணைத்து ஒயரைச் சுற்றி வைத்தார். அந்த மாதமே எனக்கு ஹைதராபாத்தில் ஒரு விதைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஈரக் காகிதத்தில் விதை பரப்பி, முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. புறப்படும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். என் ஆர்டரை வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பார்க்காம போடாதீங்க" என்றார்.

புரட்டாசியில் அவரிடமிருந்து போன் வந்தது. அதுவரை ஒருதடவைகூட அவராகக் கூப்பிட்டதில்லை. வெங்காயம் முளைவிட்டுவிட்டதாம். ஒரு விரல் நீளத்துக்குப் பச்சையாக வந்துவிட்டது. அவர் கேட்டது இதுதான். "முளைச்சுட்டா, வெச்சிருந்ததா ஆகுமாம்மா?"

மாமி வருவது பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். சம்மருக்கு என்றார்.

நட்டுவிடுங்கள் என்றேன். நட்டால் பூத்து விதை வருமா என்று கேட்டார். அந்த விதை கிடைத்தால் வருஷா வருஷம் போடலாமே என்றார். பூக்கும் என்று சொல்வது சுலபம். இங்கே வேலைக்கு வந்த பிறகு நான் பார்த்ததைச் சொன்னேன். "பூக்காது சார். அதுக்கு ரெண்டு மூணு மாசம் நல்ல குளிர் வேணும். நம்ம ஊர்ல அது கிடையாது."

போனில் ஸ்ரீரங்கம் கேட்டது. ஏதோ ஒரு ஆட்டோ, தூரத்தில் ஒரு குக்கர் விசில்.

"சரிம்மா" என்றார். "ஃபிலிம் வரட்டும்."

இரண்டு நாள் கழித்து அம்மா போனில் ஊர் விஷயமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மாடியில் திரும்பவும் லைட் எரிகிறது என்றாள். "இன்னும் இருட்டவே இல்லடி. அதுக்குள்ள போட்டுட்டாரு."